ஒரு நாளைக்கு ஒன்பது கேன்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மிஷினில் சுத்தம் செய்கிற இடம் எங்கள் டயாலிசிஸ் யூனிட். முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. நான் ஐந்து மணிக்கே போய்விடுவேன். ஆர்ஓ தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்து, மிஷின்களை ஓடவிட்டு, ரத்தத்தை வடிக்கிற டயலைசரிலும் லைனிலும் காற்றுக் குமிழ் இல்லாமல் சலைன் நிரப்பி வைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வருகிறவர்கள் யாரும் நேராகக் கட்டிலுக்குப் போவதில்லை. முதலில் எடை மிஷினில் ஏறி நிற்பார்கள். எண் கண்ணுக்கு நேரே தெரிந்தாலும் "எத்தனை கண்ணு?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

"ரெண்டு எண்ணூறு ஏறியிருக்குதுங்க."

அந்த 2.8 கிலோவில் சதை எதுவும் கிடையாது. போன தடவை டயாலிசிஸ் முடித்துப் போனதிலிருந்து குடித்த தண்ணீர், காபி, ரசம், மோர், சோற்றிலிருந்த ஈரம் எல்லாம் வெளியே போக வழியில்லாமல் உடம்புக்குள் தேங்கி நிற்கிறது. காலில் வீக்கமாக, மூச்சில் இரைப்பாக, முகத்தில் அதைப்பாக. வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்கிறவர்களில் பலருக்குச் சிறுநீர் அடியோடு நின்றுபோயிருக்கும். "ஒண்ணுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு கண்ணு" என்று முதன்முதலில் ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்கு 22 வயது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் 14 வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் ஒரு பெரியவர் கேட்ட கேள்விதான் இதை எழுத உட்கார வைத்தது. ஈரோட்டுப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். செவ்வாயும் வெள்ளியும் வருவார், கூடவே மனைவியும் ஒரு தூக்குப் போசியோடு வருவார். ஊசி குத்தி, பம்ப்பைப் போட்டுவிட்டு நகரப் போனேன். மிஷினைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் கண்ணு, இத்தனை பெரிய மிஷினு, குடங்குடமா தண்ணி, நாலு மணி நேரம். இத்தனையும் சேர்ந்து பண்ற வேலைய அந்தக் கைப்பிடிச் சதை எப்படிக் கண்ணு பண்ணிட்டு இருந்துச்சு?"

அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டில் மிஷினில் அலாரம். "சல்லடை மாதிரிங்கய்யா, கெட்டதை வடிச்சு வெளிய தள்ளீரும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அந்தப் பதில் ராத்திரி வரை உறுத்திக்கொண்டே இருந்தது. சல்லடை என்றால் அது எங்கள் டயலைசருக்குப் பொருந்தும். சிறுநீரகத்தின் கதையில் சல்லடை தொடக்கம் மட்டும்தான். மீதிக் கதை தெரியாமல் அவர் இத்தனை நாள் ஊசிக்குக் கை நீட்டியிருக்கிறார்.

சரி, சல்லடையிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்தால் சுமார் 300 கிராம். உடம்பு எடையில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் இதயம் நிமிடத்துக்கு வெளியே தள்ளுகிற 5 லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மேல் இவற்றுக்குத்தான் போகிறது. எங்கள் மிஷினின் பம்ப் நிமிடத்துக்கு 250, 300 மில்லி இழுக்கும். அதற்கே கையில் ஃபிஸ்டுலா வேண்டும், அதாவது ஒரு தமனியைப் பக்கத்துச் சிரையோடு இணைத்துத் தைத்து, சிரையைத் தடிமனாக்கி வைக்க வேண்டும். சிறுநீரகம் அதைப்போல் நாலு மடங்கை நாள் முழுக்க ஓசையில்லாமல் வாங்கிக்கொள்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிக்கிற வேலையைச் செய்கிற நுண்ணிய அலகுகள். பிறக்கும்போது எத்தனை இருக்கிறதோ அத்தனைதான், அப்புறம் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் நூல்கண்டு போலச் சுருண்ட மெல்லிய ரத்தக் குழாய்கள், குளோமருலஸ். அதைச் சுற்றி ஒரு கிண்ணம், கிண்ணத்திலிருந்து இறங்குகிற ஒரு குழல். இந்தக் கிண்ணத்தை 1842இல் விவரித்தவர் லண்டனில் இருந்த வில்லியம் பௌமன். அதனால்தான் பத்தாம் வகுப்பில் நாம் படித்ததும் பௌமன் கிண்ணம்.

அந்தக் கண்டுக்குள் ரத்தம் நல்ல அழுத்தத்தோடு வருகிறது. உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் தேவைக்கேற்ப விரியவும் சுருங்கவும் கூடியவை. வெளியே போகிற வழி குறுகினால் உள்ளே அழுத்தம் ஏறும். தறிப்பட்டறை வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது ஹோஸின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்துவோமே, அதே வேலை. அந்த அழுத்தத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்ச் சுவரைக் கசிந்து தாண்டிக் கிண்ணத்துக்குள் விழுகிறது. சுவர் மூன்று அடுக்கு. முதல் அடுக்கில் பொத்தல்கள். நடுவில் ஒரு ஜவ்வு. வெளிப்புறம் கால் முளைத்த செல்கள், இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டதுபோல ஒன்றோடொன்று கோத்து நிற்கும். அந்த விரலிடுக்கு வழியாகத் தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா என்கிற கழிவு எல்லாம் போகலாம். ரத்த அணுக்கள் போக முடியாது. ஆல்புமின் என்கிற புரதமும் போக முடியாது. அது உருவத்தில் பெரியது. அது மட்டுமில்லாமல் அதன் மேலும் நெகட்டிவ் மின்னூட்டம், சுவரின் மேலும் நெகட்டிவ் மின்னூட்டம், ஒன்றை ஒன்று தள்ளிக்கொள்ளும். சர்க்கரை நோய் முதலில் கெடுப்பது இந்த இடுக்கைத்தான். ஆல்புமின் ஒழுகத் தொடங்குகிறது. சிறுநீர் கழித்தபின் நுரை அடங்காமல் நிற்கிறது என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன், அன்றைக்கே டெஸ்ட் எடுக்கச் சொல்லுவேன்.

உள்ளே வரும் குழாயை விரித்து வைத்திருக்க உடம்பு ஒரு பொருளைச் சுரக்கிறது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறோமே, அந்த வலி மாத்திரைகளில் பல அதைச் சுரக்கவிடாமல் தடுப்பவை. எப்போதாவது ஒன்று என்றால் நல்ல சிறுநீரகம் தாங்கும். ஏற்கெனவே பலவீனப்பட்ட சிறுநீரகத்துக்கு மாதக்கணக்கில் தினம் இரண்டு என்றால் தாங்காது. எங்கள் கட்டில்களில் அப்படி வந்து படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்லாமல் கடக்க முடியவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இப்படி வடிவது நிமிடத்துக்கு சுமார் 125 மில்லி, ஒரு டீ கிளாஸ். ஒரு நாளைக்கு 180 லிட்டர். வீட்டுக்கு வாங்குகிற 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறதே, அதில் ஒன்பது. இதை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். ஏனென்றால் ரத்தத்தின் நீர்ப்பகுதியே மொத்தம் 3 லிட்டர்தான். அந்த 3 லிட்டரும் ஒரு நாளைக்கு அறுபது தடவை வடிந்து வந்தால்தான் இந்தக் கணக்கு சரியாகும். வடிந்ததை அப்படியே வெளியே விட்டால் 24 நிமிடத்தில் ரத்தம் வற்றிப்போகும். நாமோ ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போல்தான் சிறுநீர் கழிக்கிறோம். மீதி 178 லிட்டருக்கு மேல் எங்கே போயிற்று?

திரும்ப உள்ளே போயிற்று. பெரியவருக்கு நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

பெருந்துறைப் பக்கம் எங்கள் அம்மாயி வீட்டில் தைப்பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பார்கள். அன்றைக்குக் காலையில் வீட்டிலிருக்கும் அத்தனை சாமானும் வாசலுக்கு வந்துவிடும். கட்டில், குண்டான், ராகி மூட்டை, சாமி படம், உடைந்த முறம், எங்கள் மாமாவின் பழைய பள்ளிக்கூடப் பை, எது என்றே தெரியாத இரும்புத் துண்டுகள். எதையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், எல்லாம் வெளியே. சுவர் காய்ந்ததும் அம்மாயி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "அந்தக் குண்டானை உள்ள எடு, அந்தப் பெட்டியை எடு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அம்மாயி பெயர் சொல்லாதது எல்லாம் வாசலிலேயே கிடக்கும். பொழுது சாய்ந்ததும் அதைக் கூட்டிக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோவார்கள். இது என்ன, எப்போது வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அம்மாயி கேட்கவில்லை என்றால் அது வேண்டாத சாமான், அவ்வளவுதான்.

சிறுநீரகம் தினம் அறுபது தடவை இப்படி வெள்ளையடிக்கிறது.

இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. கெட்டதைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளவேண்டும் என்றால் உலகத்திலுள்ள ஒவ்வொரு கெட்டதையும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். நேற்று ஃபேக்டரியில் தயாரித்த மாத்திரை, காட்டில் பறித்துத் தின்ற ஏதோ காய், இதையெல்லாம் உடம்பு எங்கே பார்த்திருக்கும்? நல்லது எது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம். சர்க்கரைக்கு ஒரு கதவு, அமினோ அமிலத்துக்கு ஒரு கதவு, உப்புக்குப் பல கதவு. கதவில்லாத பொருள் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். வடிவது போதாது என்று சிலவற்றைக் குழலின் சுவரே ரத்தத்திலிருந்து இழுத்து வெளியே தள்ளவும் செய்கிறது. பெனிசிலின் அப்படிப்பட்ட ஒன்று. 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் நோயாளிக்கு அந்த மருந்தைக் கொடுத்தபோது கையிருப்பு போதவில்லை. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து, மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். அவ்வளவு வேகமாகச் சிறுநீரகம் அதை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

வடித்துவிட்டுத் திரும்ப எடுக்கிறது என்பதை ஊகமாகச் சொன்னவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். கண்ணால் காட்டியது ஒரு தவளை. 1924இல் ஃபிலடெல்ஃபியாவில் ரிச்சர்ட்ஸ் என்பவரும் அவருடன் வேலை செய்த வேர்னும் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைத் தவளையின் ஒரே ஒரு கிண்ணத்துக்குள் செலுத்தி, அதிலிருந்து ஒரு துளியை உறிஞ்சி எடுத்தார்கள். அந்தத் துளியில் புரதம் இல்லை, ஆனால் சர்க்கரையும் உப்பும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் சேர்ந்திருந்த சிறுநீரில் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. கிண்ணத்தில் இருந்த பொருள் பையில் இல்லை என்றால் நடுவழியில் யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தினமும் ஊசி பிடிக்கிற கை என்னுடையது. அந்த ஊசியைப் பிடித்தவரின் கையை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

எடுக்கிற வேலையில் பெரும்பங்கு கிண்ணத்தை விட்டு இறங்கியதும் வருகிற முதல் சுருள் குழலில் நடக்கிறது. தண்ணீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு, சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் இங்கேயே திரும்பிவிடும். சர்க்கரையைத் தூக்குகிற கதவுகளுக்கும் ஒரு எல்லை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை 180ஐத் தாண்டினால் எல்லாவற்றையும் தூக்க முடியாமல் கொஞ்சம் சிறுநீரோடு போய்விடும். அந்தக் காலத்தில் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்று சொன்னார்களே, அந்த எறும்பு பார்த்தது இந்தக் கதவு நிரம்பி வழிந்ததைத்தான். இன்றைக்குச் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதுகிற புது மாத்திரைகளில் ஒரு வகை இந்தக் கதவையே சாத்துகிறது. சர்க்கரை சிறுநீரில் போய்விடும், சிறுநீரகத்தின் மீதுள்ள அழுத்தமும் குறையும். இந்த மாத்திரை முன்பே வந்திருந்தால் எங்கள் கட்டில்களில் சிலர் இன்னும் சில வருடம் தள்ளி வந்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அடுத்து ஹென்லே வளைவு. ஊசிக்கொண்டை போல வளைந்து, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறுகிற குழாய். படிக்கும்போது இது புரியாமல் நான் இரண்டு ராத்திரி முழித்திருக்கிறேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். மேலே ஏறுகிற பாதி உப்பை வெளியே இறைத்துக் கொட்டும், ஆனால் தண்ணீரை விடாது. கீழே இறங்குகிற பாதி தண்ணீரை வெளியே விடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஏறுகிற பக்கம் கொட்டிய உப்பு, இறங்குகிற பக்கத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது. அதனால் வளைவுக்குப் போய்ச் சேருகிற திரவம் இன்னும் உப்பாகிறது. அது ஏறும்போது இன்னும் அதிக உப்பைக் கொட்ட முடிகிறது. சுற்றிச் சுற்றி இப்படியே நடந்து, சிறுநீரகத்தின் உட்பகுதி, யூரியாவும் சேர்ந்துகொண்டு, ரத்தத்தைப்போல் நாலு மடங்கு அடர்த்தியாகிவிடும். கடல் நீரின் அடர்த்திக்கு அது குறைந்ததில்லை. ஒவ்வொருவர் முதுகுக்குள்ளும் இரண்டு உப்பளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாசிக்ஸ் மாத்திரை போட்டதும் சிறுநீர் நிறையப் போகிறதே, அது இந்த ஏறுகிற பாதியின் இறைப்பை நிறுத்துவதால்தான். தவளைக்கு இந்த வளைவு கிடையாது. பாலைவனத்து எலிகளுக்கு மிக நீளம். அவற்றில் சில தண்ணீரே குடிக்காமல் காலம் தள்ளுகின்றன.

உப்பளத்தை எதற்காகக் கட்டி வைத்திருக்கிறது என்பது கடைசிக் குழாயில் தெரியும். சிறுநீர் வெளியேறப் போகிற சேகரிப்புக் குழாய் இந்த உப்பளத்தின் நடுவே இறங்குகிறது. சுவரில் தண்ணீர்க் கதவு திறந்திருந்தால் உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், சிறுநீர் கெட்டியாகும். மூடியிருந்தால் தண்ணீர் அப்படியே வெளியே போகும். திறக்கவா மூடவா என்று மூளை சொல்கிறது. சித்திரை வெயிலில் தறிப்பட்டறையில் நின்றால் ரத்தம் கொஞ்சம் கெட்டிப்படும். உடனே மூளையடியிலிருந்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் கிளம்பும். கதவுகள் குழாய்ச் சுவருக்கு வந்து பொருந்தும். அன்றைக்குச் சிறுநீர் கொஞ்சமாக, கடுமஞ்சளாகப் போகும். மழைநாளில் இரண்டு சொம்பு குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் கதவுகள் உள்ளே வாங்கிக்கொள்ளும், பச்சைத் தண்ணீர் போலப் போகும். இந்த வகைக் கதவு ஒன்றை முதலில் அடையாளம் கண்டது 1992இல், அதுவும் ரத்தச் சிவப்பணுவில். கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரிக்கு 2003இல் நோபல் பரிசு.

சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது பலருக்கு முதலில் போவது இந்தக் கெட்டிப்படுத்தும் திறன்தான். ராத்திரி நன்றாகத் தூங்கியவர் இரண்டு மூன்று தடவை எழுந்து போகத் தொடங்குவார். சர்க்கரையாலும் அப்படி ஆகலாம், ப்ராஸ்டேட்டாலும் ஆகலாம். எதனால் என்று பார்த்துவிட வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவின் அளவு கண்ணில் படும்படி ஏறுவதற்குள் பெரும்பாலும் பாதி வேலை போயிருக்கும். எங்கள் யூனிட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒரே வாக்கியம்: "வலியே இல்லீங்களே."

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். அம்மாயி வீட்டு வெள்ளையடிப்பு என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு, நூல் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறவர் மாதிரி சரியான இடத்தில் கை வைத்தார்.

"அப்ப உங்க மிஷினுக்கு வெளிய போடத்தான் தெரியும். உள்ள எடுக்கத் தெரியாது."

"தெரியாதுங்கய்யா."

அவர் தலைக்கு மேலே தொங்குகிற டயலைசரைக் காட்டினேன். ஒரு முழம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். உள்ளே முடி போன்ற மெல்லிய குழல்கள், சுமார் பத்தாயிரம். குழலுக்குள் ரத்தம், வெளியே நாங்கள் கலந்த திரவம், எதிரெதிராக ஓடும். 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் முதலில் இதைச் செய்தபோது இறைச்சி அடைக்கப் பயன்படுத்துகிற செல்லோஃபேன் உறையைத்தான் மர உருளையில் சுற்றினார். ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருந்த நாட்டில், போர்க்காலத்தில், கிடைத்ததை வைத்துக் கட்டிய மிஷின் அது. முதல் நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தும் அவர் விடவில்லை. 1945இல் ஒரு பெண் பிழைத்தார். அந்த மிஷினின் வழிவந்ததுதான் எங்கள் யூனிட்டில் நிற்பது.

மிஷினுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்பதால் தேர்வை நாங்கள் முன்கூட்டியே திரவத்தில் கலந்து வைக்கிறோம். ரத்தத்தில் சோடியம் 140 என்றால் திரவத்திலும் ஏறக்குறைய அதே 140. இரண்டு பக்கமும் சமம் என்றால் சோடியம் நகராது. யூரியா திரவத்தில் பூஜ்யம், அதனால் ரத்தத்திலிருந்து ஓடிவரும். பொட்டாசியத்தைக் குறைவாக வைப்போம். இப்படி ஒரு தடவைக்கு 120 லிட்டர் திரவம் ஓட வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை செய்தாலும் 12 மணி நேரம்தான். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. இந்தப் பெரியவருக்கு இரண்டு தடவை, 8 மணி நேரம். மிச்சமிருக்கும் 160 மணி நேரம் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்க உடம்புக்குள் ஆளில்லை.

"அப்ப அதை யாரு பாக்கறது?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அவரே திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா தினம் செய்வதை நான் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறேன். உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அதைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறார். கீரையும் அப்படியே. பொட்டாசியம் அந்தத் தண்ணீரோடு போகும். வாழைப்பழமும் இளநீரும் வீட்டுக்குள்ளேயே வருவதில்லை. பொட்டாசியம் ரத்தத்தில் 5 வரை இருக்கலாம். ஆறரையைத் தாண்டினால் இதயம் எந்த நிமிடம் தடுமாறும் என்று சொல்ல முடியாது. நல்ல சிறுநீரகமாக இருந்தால் ஒரு சீப்பு வாழைப்பழம் தின்றாலும் கடைசிச் சுருள் குழலில் மிச்சத்தைத் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். "ரத்த அழுத்தத்துக்கு நல்லதுன்னு போட்டிருக்குது" என்று ஒருநாள் சோடியம் குறைந்த உப்பு பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சோடியத்தைக் குறைத்துவிட்டு அதில் பொட்டாசியத்தைச் சேர்த்திருந்தார்கள். நல்லவேளை, பிரிப்பதற்கு முன்னால் கேட்டார்.

தண்ணீருக்கு அவரிடம் ஒரு பாட்டில் இருக்கிறது. காலையில் 600 மில்லிக்குக் கோடு போட்டு நிரப்பி வைப்பார். காபி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவார். ரசத்துக்கும் அப்படியே. ராத்திரி பாட்டிலில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதைத்தான் பெரியவர் மாத்திரையோடு குடிக்கலாம். வெயில் காலத்தில் அவர் நாக்கு வறண்டு கெஞ்சும்போது மறுப்பது எப்படிப்பட்ட வேலை என்று அந்த அம்மா ஒருமுறை சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். டாக்டர், நான், மிஷின் எல்லாம் 8 மணி நேரத்துக்கு. 160 மணி நேரத்துக்கு அந்த வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து "அதை உள்ள எடு, இதை எடுக்காதே" என்று சொல்கிறவர் அவர்தான். அன்றைக்கு அவரிடமே இதைச் சொன்னேன். "நானென்ன கண்ணு, வடிச்சுக் கொட்றேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்குப் போசியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் படித்த காலத்தில் ஒரே ஒரு தடவை ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்று சிறுநீரக மாற்றைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அக்கா தம்பிக்குக் கொடுத்தார். புதுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன், அடிவயிற்றின் ஓரத்தில் வைத்தார்கள். பழையவை அவற்றின் இடத்திலேயே இருந்தன. ஐஸில் இருந்து எடுத்தபோது வெளிறிச் சாம்பலாக, உயிரில்லாத பொருள் போலத்தான் இருந்தது. ரத்தக் குழாய்களைத் தைத்து முடித்து, கிளாம்ப்பை எடுத்தார்கள். ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் அது இளஞ்சிவப்பாகி, உப்பி, கெட்டிப்பட்டது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறுநீர்க் குழாயை இன்னும் பைக்குள் தைக்கவில்லை. அதன் அறுத்த நுனியிலிருந்து ஒரு துளி எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. பச்சைத் துணியில் விழுந்து பரவியது. சர்ஜன் "வந்துடுச்சு" என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தியாவில் இது முதலில் வெற்றிகரமாக நடந்தது 1971இல் வேலூர் சிஎம்சியில். உலகத்தில் 1954 டிசம்பரில் பாஸ்டனில், இரட்டைச் சகோதரர்களுக்கிடையே. முன்பின் பார்த்திராத உடம்புக்குள் வந்த சில நிமிடத்திலேயே அந்தச் சதைக்கு எதை வெளியே விடுவது, எதைத் திரும்ப எடுப்பது என்று தெரிந்திருந்தது.

எங்கள் யூனிட்டிலிருந்து அப்படிப் போனவர்களில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் உண்டு. நாலு வருடம் எங்களிடம் வந்தார், ஜன்னலோரக் கட்டில். அவருடைய அம்மாவே கொடுத்தார். அம்மாவுக்கு ஒன்றுதான் இப்போது, அது கொஞ்சம் பெருத்து இரண்டின் வேலையில் பெரும்பங்கைச் செய்துகொண்டிருக்கிறது. அண்ணனுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு. போன வாரம் பார்க்க வந்தார். கையில் மைசூர்பாகு. எங்களோடு நின்று பேசிக்கொண்டே மேசை மேலிருந்த ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவர் முதல் கடைசிக் கட்டில் வரை எல்லோரும் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார்ந்து பேசினார். முக்கால் மணி நேரம் இருக்கும்.

அப்புறம் என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்:

"அம்மணி, இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?"

நாலு வருடத்தில் அவருக்கு அது தெரியவேண்டிய தேவையே வந்ததில்லை.